மலிவான மடக்குக் கத்திகள்: முக்கால் தொழிற்சாலையில், கால் நம் கையில்

ஒப்பினெல் 8ஆம் எண் கத்தியைக் கழற்றிப் போட்டால் மேசையில் கிடப்பவை ஐந்தே உருப்படிகள்: மரப்பிடி, அலகு, பிடியின் வாயில் இறுக்கிய உலோகப் பூண், குறுக்கே ஒரு ரிவெட், பூணைச் சுற்றித் திரும்பும் பூட்டு வளையம். ஸ்க்ரூ கிடையாது, பேரிங் கிடையாது, பாக்கெட்டில் மாட்டும் கிளிப் கிடையாது. விலை குறைவாக இருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம். இந்தக் கத்தியைப் பற்றி வரும் புகார்களுக்கும் பெரும்பாலும் இதே எளிமைதான் காரணம்.

இங்கே எடுத்துக்கொள்வது இந்த ஒரு கத்தியை மட்டுமல்ல, இதன் இனத்தையே. பிரான்சின் ஒப்பினெல், டூக்-டூக், ஜப்பானின் ஹிகோனோகாமி, ஜெர்மனியின் மெர்க்கேட்டர், ஆப்பிரிக்கா முழுக்கப் புழங்கும் ஒகாப்பி, நியூசிலாந்தின் ஸ்வோர்ட் பெசன்ட். எல்லாமே பழைய வடிவங்கள். தொலைந்துபோனால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளும் விலை. கூடவே பழைய அமெரிக்க வடிவங்களை அச்சாக எடுத்து சீனாவில் செய்துவரும் முதுகு ஸ்பிரிங் கத்திகளையும் (பூட்டுக்குப் பதில் பிடியின் முதுகில் உள்ள ஸ்பிரிங் அலகைப் பிடித்திருக்கும் வகை) பார்த்துவிடலாம்.

இந்தக் கத்திகளில் கொடுத்த காசு அலகுக்குப் போகிறது. மிச்சம் பிடிப்பது இறுதிச் சீர்மையில். பிடியின் விளிம்பைத் தேய்ப்பது, ரிவெட்டை அளவாக இறுக்குவது, கடைசிக் கூர் வைப்பது எல்லாம் ஆள் நேரம் தின்னும் வேலைகள், அவற்றைத்தான் குறைத்திருப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் கையில் இருப்பது முக்கால் கத்தி. மீதிக் காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாமே முடித்துவிட்டால், இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள கத்தியோடு தாராளமாகப் போட்டி போடும். அதற்குப் பொறுமை இல்லாதவர் ‘இவ்வளவு பேர் புகழ்ந்தார்களே, இதுவா அது?’ என்று டிராயரில் தூக்கிப் போடுவார்.

முதலில் இவை எதில் ஜெயிக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய அலகு. இன்றைய நவீன மடக்குக் கத்திகளில் அலகின் முதுகு 3 மி.மீ., சிலவற்றில் 4 மி.மீ. கூட இருக்கும். நெம்பினாலும் உடையாது என்று விற்க அது உதவும், வெட்டுவதற்கு உதவாது. ஒரு கேரட்டை நறுக்கிப் பார்த்தால் தெரியும். தடித்த அலகு பாதி இறங்கியதும் ஆப்பு மாதிரி வேலை செய்கிறது. கேரட் ‘படக்’ என்று பிளக்கும், வெட்டுமுகம் சொரசொரப்பாக இருக்கும். 8ஆம் எண் ஒப்பினெல்லின் முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு. அங்கிருந்து கூர்வரை லேசான குவிவோடு மெலிந்துகொண்டே வரும். அதே கேரட்டில் கடைசிவரை சத்தமில்லாமல் இறங்கும். எஃகின் பெயரையும் கடினத்தன்மை எண்ணையும் வைத்து மணிக்கணக்கில் வாதம் செய்கிறவர்கள் உண்டு. கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரியும் வித்தியாசம். எஃகு அதற்கு அடுத்துதான்.

ஒப்பினெல்: மரம் மூச்சு விடும், அலகு சிக்கும்

ஜோசப் ஒப்பினெல் 1890இல் பிரான்சின் சவுவா மலைப்பகுதியில் செய்யத் தொடங்கிய கத்தி இது. அளவுகளுக்கு எண் வைத்தது 1897இல்; இன்றும் அதே எண்கள்தான். 8ஆம் எண்ணில் அலகு 8.5 செ.மீ., 10இல் 10 செ.மீ., 12இல் 12 செ.மீ. சுழலும் பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. முதலில் அது திறந்த அலகை மட்டும் பிடித்தது. 2000இலிருந்து மூடிய நிலையிலும் பூட்டுகிறது. 5ஆம் எண்ணும் அதற்குக் கீழும் வளையம் இல்லாதவை. சின்னதாக இருக்கிறதே என்று குழந்தைக்கு அதை வாங்கிக் கொடுப்பது தப்புக் கணக்கு: பூட்டில்லாத கத்தி சின்னதானாலும் விரல்மேல் மடியும்.

குறைகளில் தலையானது பிடி ஈரம் குடிப்பது. பிடி பீச் (beech) மரம், பழம் தரும் பீச் அல்ல; ஈரம் பட்டால் உப்பும். ரிவெட் மரத்துக்குள்தான் ஓடுகிறது. வெளியே பூண் இறுக்கமாக நிற்பதால் மரத்துக்கு வெளிப்பக்கம் விரிய வழி இல்லை. உள்பக்கம் நெருக்கி அலகின் அடியைக் கவ்விக்கொள்ளும். கழுவி வைத்துவிட்டு மறுநாள் திறக்கப் பார்த்தால் நகம்தான் பெயரும், அலகு அசையாது. இதற்கு சவுவாக்காரர்களின் பழைய தட்டு ஒன்று உண்டு: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிக்குண்டை ஏதாவது கெட்டியான பரப்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை சற்றே எழும்பும், அதைப் பிடித்துத் திறந்துகொள்ளலாம். அவசரத்துக்கு நல்ல உபாயம். ஆனால் தினமும் தட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது என்றால் கத்திக்கு வைத்தியம் தேவை.

வைத்தியம் இரண்டு. முதலாவது, பிடியை நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு (வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மரம் வெடிக்கும்), மூட்டுக்குள் கொழுப்பை ஏற்றுவது. வாசலினை ஒரு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் உருகிவிடும். கத்தியைப் பாதி திறந்த நிலையில் பிடித்து, ரிவெட்டை ஒட்டிய வெடிப்புக்குள் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டு, இருபது தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துடைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மரத்தின் துவாரங்களில் தண்ணீருக்கு இடம் இருக்காது. வாசலின் கெட்டுப்போகாது, இறுகாது. சமையல் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. முதல் வாரம் வழவழவென்று ஓடும், பிறகு காற்றுப் பட்டுப் பிசினாகி அலகை ஒட்டவைக்கும்.

இரண்டாவது, அப்படியும் இறுக்கம் போகவில்லை என்றால், 120ஆம் எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய அட்டையில் சுற்றி, பிளவின் இரண்டு உள்சுவர்களையும் தேய்ப்பது. கவ்வுவது பூணுக்கு அடியில் உள்ள முதல் ஒரு சென்டிமீட்டர்தான். அங்கே மட்டும் தேய்த்தால் போதும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு, பிறகு திறந்து பார்ப்பது, மறுபடி ஐந்தாறு. கை அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் அலகு லொடலொடவென்று ஆடும். தேய்த்த மரத்தை ஒட்டவைக்க முடியாது.

பிடியின் வெளிப்பக்கம் பூசிவரும் வார்னிஷ் மெல்லியது, சில மாதங்களில் திட்டுத்திட்டாக உரியும். பொறுக்காதவர்கள் அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். தடவி 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இப்படி மூன்று தடவை. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய. விரித்துப் போட்டுக் காயவைத்த பிறகு எறியலாம்.

வளையத்துக்கு வருவோம். அதன் விளிம்பு நேராக இல்லை, லேசான சரிவு இருக்கும். அதனால் திருப்பத் திருப்ப அலகின் அடிப்பகுதியை இறுக்கிக்கொண்டே போகும். அலகு தேய்ந்தாலும் வளையம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும், பூட்டில் ஆட்டம் வராது. ஐந்து உருப்படிக் கத்தியில் இப்படி ஒரு யோசனை இருப்பது இன்றைக்கும் ஆச்சரியம்தான். புதுக் கத்தியில் வளையம் ஒன்று மிகக் கெட்டியாக இருக்கும், இல்லையென்றால் பாக்கெட்டுக்குள்ளேயே தானாகத் திரும்பும். முதல் ரகம் பழகப் பழகச் சரியாகும், ஒரு சொட்டு மினரல் ஆயில் போதும். இரண்டாவது ரகத்தைச் சரிசெய்யாமல் பாக்கெட்டில் வைக்கக் கூடாது. சர்க்ளிப் பிளையரால் வளையத்தை இரண்டு மி.மீ. அளவுக்கு விரித்துக் கழற்றி, விரலால் சற்றே நெருக்கி, மறுபடி மாட்டினால் இறுகிவிடும். கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது; தெறித்தால் நேராக முகத்துக்குத்தான் வரும். மண் புகுந்து கறமுறவென்று சத்தம் கேட்டால் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போயிற்று.

கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா? ஒப்பினெல்லில் இரண்டும் உண்டு. கார்பன் அலகில் சுமார் 0.9 சதவீதம் கார்பன் இருக்கும். கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறும். அமிலமுள்ள பழத்தை வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், பழத்திலும் இரும்பு வாடை வரும். ஈரத்தோடு மடித்தால் மறுநாள் செந்துரு. ஸ்டெயின்லெஸ் அலகு ஸ்வீடனின் 12சி27 என்ற எஃகு வகையின் ஒரு மாற்று. சுமார் 14 சதவீதம் குரோமியம். கூர் ஏற்ற இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், தாங்குவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. சாப்பாட்டுக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் ஸ்டெயின்லெஸ்; மரம் செதுக்க, கயிறு அறுக்க, அட்டை வெட்ட கார்பன். கார்பன்தான் ‘அசல்’, மற்றதெல்லாம் மட்டம் என்று சொல்பவர்களின் பேச்சை அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கார்பன் வாங்கியவர் முதல் நாளே அலகைச் சூடான வினிகரில் 15–20 நிமிடம் ஊறவைத்தால் சாம்பல் நிறப் படலம் ஒன்று படியும். அது துருதான், ஆனால் எஃகை அரிக்காத கருந்துரு. செந்துரு பிடிப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். எடுத்தவுடன் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். முன்னதாகச் சோப்புப் போட்டுக் கைரேகையைக் கழுவாவிட்டால் ரேகை அப்படியே வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

ஹிகோனோகாமி: மடித்த பித்தளைத் தகடு

பெயருக்கு ‘ஹிகோவின் பிரபு’ என்று பொருள். ஆளைப் பார்த்தால் பிரபு மாதிரி இருக்காது. ஒரு பித்தளைத் தகட்டை நீளவாக்கில் மடித்தால் பிடி, அதற்குள் அலகு, ஒரு ரிவெட். அலகின் அடி வெளியே வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு சிக்கிரி என்று பெயர். கட்டைவிரலால் அதை அழுத்தினால் கத்தி திறக்கும். ஜப்பானின் ஹியோகோ மாகாணத்து மிக்கி நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த வடிவம். ஒரு காலத்தில் அங்கே பல பட்டறைகள் செய்தன. இன்று அந்தப் பெயரைப் பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது நாகாவோ குடும்பத்தின் பட்டறை ஒன்றுதான். அதே வடிவில் வேறு பெயர்களில் வருபவை ஏராளம்.

இதில் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ரிவெட்டின் உராய்வும், சிக்கிரிமேல் இருக்கும் நம் கட்டைவிரலும்தான் அலகைத் திறந்தபடி வைத்திருப்பவை. விரல் அங்கே இருக்கும்வரை மடிய வாய்ப்பில்லை. பென்சில் சீவும் பிடியில் விரல் இயல்பாகவே அங்கே உட்காரும். ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பென்சில் சீவியது இதில்தான். பிடியை மாற்றிக் குத்துவாக்கில் பிடித்தால் விரல் விலகும், பாதுகாப்பும் விலகும். மூடியிருக்கும்போது வால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு தொல்லை. சாவிக்கொத்தோடு ஒரே பாக்கெட்டில் போட்டால் சாவி அதை அழுத்தித் திறக்கப் பார்க்கும். சின்னத் தோலுறை தைத்துக்கொள்வது மேல்.

ரிவெட் தளர்ந்தால் இறுக்குவது எளிது. கனமான இரும்புத் துண்டின்மேல் ரிவெட்டின் ஒரு தலையை வைத்து, மறுதலையில் சின்னச் சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு. திறந்து பார்க்க வேண்டும், பிறகு இன்னொரு தட்டு. ஒரே அடியில் முடிக்கப் பார்த்தால் அலகு கல்லாக இறுகிவிடும். அப்புறம் தகடுகளுக்கு இடையே மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பித் தளர்த்த வேண்டியிருக்கும், பித்தளையில் காயம் விழும்.

நல்ல ரகத்தில் அலகு மூன்றடுக்கு: நடுவில் நீலத்தாள் எஃகு எனப்படும் கடினமான கார்பன் எஃகு, இரண்டு பக்கமும் மென்னிரும்பு. ஒப்பினெல்லைவிடக் கூர் நாள்படத் தாங்கும். வரும்போது சரிவு நேராகக் கூர்வரை போய் ஊசியாக முடிந்திருக்கும். அதை அப்படியே கட்டியான மரத்தில் இறக்கினால் கூரில் பல் விழும். அரைக் குறையாகத் தெரியும் இந்தப் பற்களைப் பார்த்துவிட்டுத்தான் ‘பதம் சரியில்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். பதம் சரிதான், கோணம்தான் அளவுக்கு மீறிச் சின்னது. நைசான கல்லில் சற்றே நிமிர்த்திப் பிடித்து, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு இழுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டாவது சரிவு ஒன்றை வைத்துவிட்டால் பல் விழுவது நிற்கும். விலை குறைந்த ரகத்தில் அடுக்கு இருக்காது, ஒரே எஃகு. பென்சிலுக்கும் அட்டைக்கும் அதுவே போதும்.

மூடும்போது முனை பித்தளையின் அடியில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில பிரதிகளில் இடிக்கும், முனை மட்டும் திரும்பத் திரும்ப மொன்னையாகும். தகட்டின் உள்ளே அந்த இடத்தில் ஒரு சின்னத் தோல் துண்டை ஒட்டினால் தீர்ந்தது. தகட்டின் விளிம்புகளையும் அப்போதே நைஸ் அரத்தால் உருட்டிவிடலாம். இல்லையென்றால் கொஞ்ச நேரம் அழுத்திச் செதுக்கினாலே உள்ளங்கையில் இரண்டு சிவப்புக் கோடு விழும். கையில் பித்தளை வாடை வருவதற்கு மட்டும் மருந்து கிடையாது.

தகட்டுப் பிடியில் இன்னும் இரண்டு, வேறு பிடியில் இரண்டு

டூக்-டூக் 1929இல் பிரான்சின் தியேர் நகரில் மெலனீசியத் தீவுச் சந்தைக்காகச் செய்த கத்தி. பிடியில் பொறித்திருப்பது அந்தத் தீவுகளின் ஆவி உருவம். மடித்த எஃகுத் தகடு, கார்பன் அலகு, உள்ளே முதுகு ஸ்பிரிங். நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாலும் துருத்தாத அளவுக்குத் தட்டை. பூட்டு இல்லை, ஆனால் ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. நகப்பள்ளத்தில் நகத்தை வைத்துத் திறப்பது சில பிரதிகளில் தண்டனை மாதிரி. மூட்டில் எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடினால் கொஞ்சம் இளகும். மூடும்போது விரல்களைப் பிளவுப் பக்கம் சுற்றிப் பிடிக்கவே கூடாது. பிடியை இரண்டு பக்கத்திலும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ள வேண்டும். கடைசி அரை அங்குலத்தில் ஸ்பிரிங் தானே இழுத்து ‘டப்’பென்று மூடும், அந்த நேரத்தில் வழியில் விரல் இருந்தால் தையல்தான். கூர் தடிப்பாக வைத்து வரும். முதல் தீட்டலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

மெர்க்கேட்டர் கே55கே ஜெர்மனியின் ஸோலிங்கன் ஊர்க்கத்தி, பிடியில் பாயும் பூனை. ஸோலிங்கன் என்ற ஊர்ப்பெயரை அந்தப் பகுதியில் செய்யாத கத்தியில் பொறிக்கக் கூடாது என்று 1938இலிருந்தே சட்டம் இருக்கிறது. கறுப்புப் பூச்சு அடித்த தகட்டுப் பிடி, முதுகில் அழுத்தித் திறக்கும் நெம்புப் பூட்டு, 9 செ.மீ. அலகு. இந்தக் கூட்டத்தில் அலகை உண்மையிலேயே கெட்டியாகப் பிடிக்கும் பூட்டு இதனுடையதுதான். அலகு நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது சகஜம். தகட்டில் உரசாதவரை அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உரசினால் அலகில் கோடு விழும், விற்றவரிடம் மாற்றிக்கொள்ளலாம். கறுப்புப் பூச்சு மூலைகளில் சீக்கிரம் போய்விடும், போன இடம் துருப்பிடிக்கும். கோடுகள் விழுந்த பிறகுதான் அழகு என்கிறார்கள் ரசிகர்கள். அது அவரவர் பாடு.

ஒகாப்பி 1902இல் ஜெர்மனியில் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காகத் தொடங்கியது, இப்போது தென்னாப்பிரிக்காவில் தயாராகிறது. திறக்கும்போது பற்சக்கரம் ‘கர் கர் கர்’ என்று ஊரைக் கூட்டும். மூட ஒரு வளையத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே மடக்க வேண்டும். எஃகு மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், மோட்டுக் கல்லில் தேய்த்தாலே மறுபடி கூர் ஏறும். இந்தக் கூட்டத்தில் அதிகக் கைவேலை கேட்பதும் இதுதான், முழு மனதோடு பரிந்துரைக்க முடியாது.

ஸ்வோர்ட் பெசன்ட்டில் வால் பிடியின் முழு நீளத்துக்கும் போகும். திறந்ததும் வால் பிடியோடு ஒட்டிக்கொள்ளும், அதையும் சேர்த்துத்தான் உள்ளங்கை பிடிக்கிறது. கை விடாதவரை அலகு மடிய வழியே இல்லை. பூட்டில்லாமல் கிடைக்கும் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. அதற்குக் கொடுக்கும் விலை: மூடிய கத்தியில் அந்த வால் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு பாக்கெட்டை அடைக்கும். ஸ்க்ரூவால் இறுக்கிய பிடி என்பதால் தளர்வு இறுக்கம் நம் கையில், ஆனால் திறந்து மூட ஸ்க்ரூ தானாகக் கழலும். மறையில் ஒரு துளி நெயில் பாலிஷ் விட்டு இறுக்கினால் நிற்கும்.

முதுகு ஸ்பிரிங் கத்திகள்: துருவிப் பார்த்து வாங்க வேண்டும்

எலும்புப் பிடி, பித்தளை உள்தகடு, நிக்கல் சில்வர் முனைப்பூண், இரண்டு மூன்று அலகு. சீனத் தயாரிப்பில் இவற்றின் வேலைப்பாடு விலைக்கு மிஞ்சியது, ஒத்துக்கொள்ள வேண்டும். ஏமாறுவது எஃகில். ‘440’ என்று மட்டும் பொறித்திருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை: 440ஏ வகையில் கார்பன் 0.60–0.75 சதவீதம், 440சி வகையில் 0.95–1.20. எழுத்துப் போடாதவர் எதைப் போட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். டமாஸ்கஸ் என்று அலையலையாகக் கோலத்தோடு வருவதை இன்னும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நிஜமாக மடித்தடித்த எஃகு என்றால் கோலம் அலகின் முதுகிலும் தொடரும். பக்கவாட்டில் மட்டும் இருந்து முதுகு மொழுமொழுவென்று இருந்தால் மேலே அச்சடித்தது.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்குக்கும் உள்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் தூசியும் ஈரமும் அந்த வழியாகத்தான் போகும். அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். பாதி திறந்த நிலையிலிருந்து விட்டால் ஸ்பிரிங் அதை இழுத்து ‘டக்’கென்று உட்காரவைக்க வேண்டும், சோம்பலாக நகர்ந்தால் அந்தப் பிரதி வேண்டாம். மூடும்போது அலகின் முதுகைப் பிடித்தபடி மெதுவாக மூடுங்கள். கூர் ஸ்பிரிங்கில் மோதும் சத்தம் கேட்டால் ஒரு இடம் மட்டும் ஓயாமல் மழுங்கிக்கொண்டே இருக்கும். வாங்கியதும் முதல் வேலை, மூட்டுக்குள் தங்கியிருக்கும் பாலிஷ் பொடியையும் உலோகத் தூளையும் வெந்நீரிலும் சோப்பிலும் அலசி வெளியேற்றி, காயவைத்து எண்ணெய் விடுவது. கறுப்புச் சாறு வழிவது நிற்கும்வரை அலச வேண்டும்.

கூர்

இந்தக் கத்திகளுக்கெல்லாம் 1000ஆம் எண் கல் ஒன்றும், பழைய தோல் பெல்ட் ஒன்றும் போதும். பக்கத்துக்கு 15 பாகை. பாகைமானி வேண்டாம்: அலகின் அகலம் 20 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்திருந்தால் ஏறக்குறைய அந்தக் கோணம்தான். கூர் ஓரமாக மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள்; மை முழுக்கப் போயிருந்தால் கை சரி, மேல்பக்கம் மட்டும் போயிருந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட எதிர்ப்பக்கத்தில் நுனிப்பிசிர் எழும். கூருக்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலை மெதுவாக இழுத்தால் கொக்கி மாதிரி தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை அது தட்டுப்படும்வரை பக்கத்தை மாற்றக் கூடாது. பாதியில் மாற்றிவிட்டு, ‘இந்தக் கத்தி கூரே பிடிக்கவில்லை’ என்பதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரைச் சிறிதாக்கி, பெல்ட்டின் உள்பக்கத்தில் கூரைப் பின்னுக்கு விட்டு பக்கத்துக்குப் பத்து இழுப்பு.

மோட்டார் சாணையில் கொடுக்காதீர்கள். கார்பன் அலகைப் பதப்படுத்தும்போது சுமார் 200 பாகை செல்சியஸில்தான் கடைசிச் சூடு கொடுக்கிறார்கள். காய்ந்த சாணைச் சக்கரத்தில் மெல்லிய கூர் அதைத் தாண்டிச் சூடாக இரண்டு விநாடி போதும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. நீலத்தைத் தேய்த்து எடுத்தாலும் எஃகு மென்மையாகவே இருக்கும்.

நெம்பல், திருகல், முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளத்தல் எதற்கும் இவை ஆகாது. முழு பாரமும் ஒல்லியான ஒற்றை ரிவெட்டின்மேல் இறங்கும். மரப்பிடியில் ரிவெட் துளை நீள்வட்டமாகிவிடும், தகட்டுப் பிடி விரியும். பெயின்ட் டப்பா மூடியைத் திறக்கப் போய் முனை உடைந்த மெல்லிய கத்திகள் கணக்கில் அடங்காது. பூட்டில்லாத எதையும் முனையால் குத்திப் பயன்படுத்தக் கூடாது. பூட்டுள்ளதையும்தான், பூட்டு என்பது கை தவறும் நேரத்துக்கு மட்டும்.

பாக்கெட்டில் கொண்டுபோகும் முன் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் எந்தக் கத்தி என்பதையே அது மாற்றிவிடும். பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்பது கூர் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு மட்டும். அதன்படி நாம் பாதுகாப்பு என்று மெச்சிய ஒப்பினெல்லின் வளையமும் மெர்க்கேட்டரின் பூட்டும் அங்கே பாதகமாகிவிடுகின்றன. சின்ன ஹிகோனோகாமி தப்பித்துவிடும். விமானத்தில் கைப்பையில் எதுவுமே வேண்டாம்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 8ஆம் எண் ஒப்பினெல், ஸ்டெயின்லெஸ். கைவேலையில் ருசி உள்ளவர் அடுத்ததாக ஹிகோனோகாமியில் மூன்றடுக்கு ரகம். ஈரத்திலும் சேற்றிலும் வேலை என்றால் மரப்பிடியை விட்டுவிட்டு மெர்க்கேட்டரை ஸ்டெயின்லெஸ் அலகோடு வாங்கலாம். டூக்-டூக்கை நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.